கல்யாண வீடியோவை கேம் கன்சோலில் போட்டுப் பார்ப்பது: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஸ்டுடியோவிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டுக்கு வரும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் அடுத்த விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுவார்கள். அங்கே இருக்கும் டிவியோ பழசு. பக்கத்தில் பேரன் விட்டுப்போன பிளேஸ்டேஷன். டிஸ்க்கைச் செருகினால் ஒன்று ஃபைலே தெரியாது, இல்லாவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது. விசேஷ வீடியோ எடிட் செய்வதுதான் என் தொழில் என்பதால் இந்தப் புகார் எல்லாம் என்னிடம் வந்து சேரும். வழக்கமாகக் கேட்கப்படுவதையும் நான் சொல்கிற பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். எல்லாமே சொந்த வீட்டு வீடியோ சம்பந்தப்பட்டவை. கடையில் வாங்கிய சினிமா டிவிடியின் பூட்டை எப்படி உடைப்பது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

டிவியிலேயே யுஎஸ்பி ஓட்டை இருக்கிறதே, கன்சோல் எதற்கு?

டிவியில் ஓடினால் கன்சோல் தேவையே இல்லை. முதலில் அதைச் செருகிப் பாருங்கள். சமீபத்தில் வாங்கிய டிவி பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும். பழைய எல்சிடி டிவிகளில்தான் சிக்கல். அந்த யுஎஸ்பி ஓட்டை போட்டோவும் பாட்டும் மட்டும் காட்டும், அல்லது வீடியோவை ஓட்ட ஆரம்பித்து திணறும். அதே டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் கன்சோலை மாட்டி, டிவி தாங்கினால் முழு 1080பி (ஃபுல் எச்டி) படம் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3). என்னென்ன ஓடும்?

2006-ல் வந்த பெட்டி என்றாலும் வீடியோ விஷயத்தில் நல்ல உழைப்பாளி. எச்.264 முறையில் சுருக்கிய படத்தை எம்பி4 ஃபைலாகவோ, எம்2டிஎஸ் ஃபைலாகவோ கொடுத்தால் 1080பி வரை அழகாக ஓட்டும். எம்பெக்-2, டிவ்எக்ஸ் வகை ஏவிஐ ஃபைல்களும் ஓடும். எம்கேவி ஓடாது. எச்.265 ஓடவே ஓடாது, அந்த கோடெக் (சுருக்கும் முறை) வந்ததே 2013-ல்தான்.

பிஎஸ்3 படிக்கிற டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ என்றால் டிஸ்க் செருகியதாகவே காட்டாது. டிஸ்க் தெரிகிறது, உள்ளே ஃபைல் ஒன்றும் இல்லை என்றால் பதறாதீர்கள். டிஸ்க் பெயரில் நின்றுகொண்டு முக்கோணப் பட்டனை அழுத்தி, எல்லாவற்றையும் காட்டு என்று பொருள்படும் 'டிஸ்ப்ளே ஆல்' கொடுங்கள். என்னிடம் வரும் பிஎஸ்3 புகார்களில் கணிசமானவை இந்த ஒரு பட்டனில் முடிந்துவிடும்.

மற்ற கன்சோல்கள்?

பிஎஸ்4 வெளியானபோது அதில் வீடியோ ப்ளேயரே இல்லை. 2015 ஜூனில்தான் 'மீடியா ப்ளேயர்' என்ற இலவச ஆப் வந்தது. அதை ஒருமுறை நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டையும் படிக்கும். எம்கேவியும் ஓடும். எச்.264 படம், ஏஏசி அல்லது ஏசி-3 சத்தம் என்றால் பிரச்சினை இல்லை. இதிலும் எச்.265 கிடையாது. ஃபைல்களை டிஸ்க்கின் மேல்மட்டத்தில் அப்படியே போடாமல் ஒரு ஃபோல்டருக்குள் வையுங்கள்.

பிஎஸ்5-ல் பென்டிரைவ் வீடியோ ஓட்டுவதற்கென்று எதுவும் இல்லை. இவ்வளவு சக்தியுள்ள பெட்டியில் இதை விட்டுவிட்டது எனக்கு இன்னும் புரியாத விஷயம். ப்ளெக்ஸ் ஆப் போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ளெக்ஸ் சர்வரை ஓட்டி, நெட்வொர்க் வழியாகத்தான் பார்க்க முடியும்.

எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்.264, எம்பி4, இரண்டு சேனல் ஏஏசி என்று கொடுங்கள். பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) 10 எம்பிபிஎஸ்-க்குள் இருக்கட்டும். டிஸ்க் ஃபேட்32. எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதற்குப் பிறகு வந்தவையும் தாராளம், என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைக்கூடப் படிக்கும். வீடியோ ஓட்டும் விஎல்சி ஆப்பும் கிடைக்கும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் முடியாது.

டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறதே?

கையை எடுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் கன்சோல்கள் பெரிய டிஸ்க்கைப் பார்த்தால் கேம் வைக்கத்தான் கொண்டுவந்தீர்கள் என்று நினைத்து ஃபார்மட் செய்யக் கேட்கும். மீடியாவுக்கு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎஸ்4-லும் செட்டிங்ஸுக்குள் போய் யாராவது 'எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' என்று கொடுத்துவிட்டால் டிஸ்க்கில் இருப்பது முழுக்கப் போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஆர்வமாக ஓகே, ஓகே என்று அழுத்திக்கொண்டே போவார்கள். ஸ்டுடியோ கொடுத்த மூல டிஸ்க்கைக் கன்சோலில் செருகவே வேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அதற்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் எம்பி4-தான். பிஎஸ்3-யும் எம்பி4 ஓட்டும் என்கிறீர்கள். ஆனாலும் 'அன்சப்போர்ட்டட் டேட்டா' என்று வருகிறதே?

ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, எம்கேவி, எம்2டிஎஸ், ஏவிஐ எல்லாம் வெறும் டப்பாவின் பெயர். உள்ளே இருப்பது சீயமா அதிரசமா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே படம் ஒரு கோடெக்கில் இருக்கும், சத்தம் இன்னொன்றில் இருக்கும். கன்சோல் டப்பா, படம், சத்தம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மூன்றில் ஒன்று பிடிக்காவிட்டாலும் மறுத்துவிடும், அல்லது பாதியை மட்டும் ஓட்டும். படம் ஓடி சத்தம் வராவிட்டால் சத்தத்தின் கோடெக்தான் பிரச்சினை.

உள்ளே இருப்பதைப் பார்க்க மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் எல்லாம் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது நாலைந்து வரிதான். வீடியோ பகுதியில் ஃபார்மட் என்ற இடத்தில் ஏவிசி என்றிருந்தால் அது எச்.264, நல்லது. எச்இவிசி என்றிருந்தால் எச்.265. ஐபோன்கள் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இதில்தான் எடுக்கின்றன, ட்ரோன்களும் பல இப்படித்தான். அடுத்து பிட் டெப்த். 8 இருக்க வேண்டும். 10 என்றிருந்தால் எச்.264 ஆனாலும் இந்த ப்ளேஸ்டேஷன்கள் ஓட்டாது. ப்ரொஃபைல் என்ற இடத்தில் ஹை என்றும் அதற்குப் பக்கத்தில் லெவல் எண்ணும் இருக்கும். பிஎஸ்3-க்கு 4.1, பிஎஸ்4-க்கு 4.2 வரை போகலாம். ஸ்கேன் டைப் ப்ரோக்ரஸிவ்வா இன்டர்லேஸ்டா என்று பாருங்கள், அது பின்னால் உதவும். கடைசியாக ஆடியோ: ஏஏசி என்றால் எங்கும் ஓடும். டிடிஎஸ், பிசிஎம் என்றிருந்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கன்வெர்ட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கன்வெர்ட் செய்வது என்றால் படத்தை முழுக்கப் பிரித்து மறுபடி சுருக்குவது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், மணிக்கணக்கில் நேரமும் ஆகும். ஆனால் என்னிடம் வரும் ஃபைல்களில் பெரும்பாலானவற்றில் படம் ஏற்கெனவே எச்.264, 8 பிட். கன்சோலுக்குப் பிடிக்காதது டப்பாதான், அல்லது சத்தம்தான். அப்போது படத்தைத் தொடாமல் டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். இதை ரீமக்ஸ் என்பார்கள். ஒரு மணி நேர வீடியோவுக்குச் சில நிமிஷம் ஆகும், டிஸ்க் காப்பி ஆகிற வேகம்தான் கணக்கு. தரம் துளியும் குறையாது.

அவிடிமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கும் 'காப்பி', அவுட்புட்டுக்கு 'எம்பி4 மக்சர்' என்று கொடுத்து சேவ் செய்யுங்கள். சத்தம் டிடிஎஸ்ஸோ பிசிஎம்மோ என்றால் ஆடியோவை மட்டும் ஏஏசி என்று மாற்றுங்கள், வீடியோ காப்பியிலேயே இருக்கட்டும். ஸ்டுடியோக்காரர்கள் சிலர் எம்ஓவி ஃபைலாகக் கொடுப்பார்கள், அதற்கும் இதே வைத்தியம். பிஎஸ்3-க்கு எம்கேவியை எம்2டிஎஸ் ஆக்க டிஎஸ்மக்சர் நன்றாக இருக்கும். அதிலேயே பெரிய ஃபைலைத் துண்டாக்கவும் முடியும். கறுப்பு ஜன்னலில் கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் ஒன்றே போதும்.

ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட் மென்பொருளில் ரீமக்ஸ் செய்ய முடியாது. அது படத்தை எப்போதும் மறுபடி சுருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஹேண்ட்பிரேக் என்பதால், தேவையே இல்லாமல் நல்ல வீடியோவை அதில் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வருகிறார்கள். எச்.265, 10 பிட், 4கே, இன்டர்லேஸ்டு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஹேண்ட்பிரேக் பக்கம் போக வேண்டும்.

சரி, எங்கள் ஃபைல் எச்.265-தான். ஹேண்ட்பிரேக்கில் என்ன வைப்பது?

அதில் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் 'பிளேஸ்டேஷன் 1080பி30 சரவுண்ட்' என்று ஒரு ப்ரீசெட்டும் (முன்பே அமைத்து வைத்த செட்டிங்), எக்ஸ்பாக்ஸுக்கு அதே மாதிரி ஒன்றும் இருக்கின்றன. அதிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு சில இடங்களை மட்டும் மாற்றுங்கள்.

ஃபிரேம் ரேட்டை மூலத்தில் இருப்பதுபோலவே விடுங்கள். நம் ஊர் கேமராக்கள் 25 அல்லது 50 ஃபிரேமில் எடுக்கும். அதை 30 ஆக்கினால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் ஒரு தட்டல் தெரியும். ப்ரீசெட் பெயரில் 30 என்று இருப்பது உச்ச வரம்பு மட்டுமே, 25-ஐ அது தொடாது. மூலம் 50 ஃபிரேம் 1080பி என்றால் பிஎஸ்4-க்கு லெவல் 4.2-ல் அப்படியே வைக்கலாம். பிஎஸ்3-க்கு 25 ஆகக் குறையுங்கள்.

குவாலிட்டி என்ற இடத்தில் ஆர்எஃப் என்று ஒரு எண் வரும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பி-க்கு 20 முதல் 24 வரை வைக்கச் சொல்கிறது ஹேண்ட்பிரேக் கையேடு. நம் பக்கத்துக் கல்யாண வீடியோவுக்கு நான் 20-க்கு மேல் போவதில்லை. காரணம் இருக்கிறது. பெண் வீட்டில் சாமான் பரப்பியிருப்பதைக் கேமரா வரிசையாகக் காட்டிக்கொண்டே போகும். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பளபளப்பு, ஒவ்வொன்றிலும் விளக்கின் பிம்பம் நகர்கிறது. கீழே ஆத்தங்குடி கல், பூ வேலைப்பாடு முழுக்க. நடுவில் கண்டாங்கிச் சேலையின் கட்டம். வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் ஒற்றுமை இருந்தால்தான் அது சுருக்க முடியும். அட்சதை தூவும் அந்தச் சில நொடியில் ஒற்றுமையே இருக்காது, பிட்ரேட் போதாவிட்டால் திரை கட்டம் கட்டமாக உடையும். ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு 24 போதும். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக்குப் போதாது.

எண்கோடர் 'எக்ஸ்264' என்றே இருக்கட்டும். கிராபிக்ஸ் கார்டு வழியாகச் செய்யும் என்வெங்க், க்விக்சிங்க் வகைகள் வேகமாக முடியும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாக வரும். எக்ஸ்264-ன் பெயரில் 10-பிட் என்று போட்டிருக்கும் இன்னொரு வகையைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள். வேகம் 'மீடியம்' வைத்தால் போதும். 'வெரி ஸ்லோ' வைத்துவிட்டு சித்திரை வெயிலில் பழைய லேப்டாப்பை வறுக்க வேண்டாம்.

சத்தம் ஏஏசி, ஸ்டீரியோ, 160 அல்லது 192 கேபிபிஎஸ். ப்ரீசெட் 5.1 சத்தத்தையும் சேர்க்கப் பார்க்கும், அதை எடுத்துவிடுங்கள். கல்யாண வீடியோவில் எடுத்ததே ஸ்டீரியோதான்.

முழு வீடியோவையும் ஓட்டுவதற்கு முன்னால் ரேஞ்ச் என்ற இடத்தில் இரண்டு நிமிஷம் மட்டும் தேர்ந்தெடுத்து, அதைக் கன்சோலில் போட்டுப் பாருங்கள். சாமான் பரப்பிய இடத்தையே எடுங்கள், அது தேறினால் எல்லாம் தேறும்.

'தம்பி, ஃபைல் பெருசா இருக்குன்னு காப்பி ஆகமாட்டேங்குது. டிரைவுல இடம் நிறைய கெடக்கு.'

ஆச்சிமார்கள் முதல் காலேஜ் பையன்கள் வரை எல்லோரும் மோதும் சுவர் இது. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தொட முடியாது. டிரைவ் 64 ஜிபி காலியாக இருந்தாலும் அதே கதைதான். பிஎஸ்4, புது எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இப்படி: 8 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. ஆகவே ஒரு மணி நேரத் துண்டு தாராளமாக அடங்கும். ஒன்றரை மணி நேரத்தை ஒரே ஃபைலில் அடக்க வேண்டுமானால் படமும் சத்தமும் சேர்த்து 6.3 எம்பிபிஎஸ்-க்குள் நிற்க வேண்டும், அதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்எஃப் முறையில் ஃபைல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளவு முக்கியம் என்றால் சராசரி பிட்ரேட் கொடுத்து, இரண்டு முறை ஓடும் 'மல்டி-பாஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பிட்ரேட்டைக் குறைத்து அடக்குவதைவிடத் துண்டாக்குவது எப்போதும் மேல். நம் விசேஷங்கள் தாமாகவே பிரிந்துதான் இருக்கின்றன: மாப்பிள்ளை அழைப்பு ஒரு ஃபைல், கோயில் மாலை வந்ததிலிருந்து திருப்பூட்டுதல் வரை ஒன்று, சாமான் பரப்பியது ஒன்று, பெண் அழைப்பு ஒன்று. பார்க்கிறவர்களுக்கும் இதுதான் வசதி. கழுத்துரு (எங்கள் பக்கத்துத் தாலி) கட்டுவதை மட்டும் மறுபடி போடு என்று யாராவது கேட்கும்போது மூன்று மணி நேரத்தைத் தேய்த்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். வரிசை மாறாது.

விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபி-க்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 காட்டாமல் இருந்தால் டிரைவ் கெட்டுப்போகவில்லை, அது விண்டோஸ் வைத்த வரம்பு. 32 ஜிபி பென்டிரைவ் வாங்கிக்கொள்வது சுலபம்.

ஸ்டுடியோவில் எப்படிக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது?

அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: எச்.264, 8 பிட், 1080பி, 25 ஃபிரேம், ஏஏசி ஸ்டீரியோ, எம்பி4, நிகழ்ச்சிவாரியாகத் தனித்தனி ஃபைல். எடிட் செய்யும் கம்ப்யூட்டரில் இது ஒரு ப்ரீசெட். அவர்கள் முதல் தரத்திலிருந்து நேராக எடுத்துத் தருவதால், நீங்கள் வீட்டில் மறுபடி சுருக்குவதைவிட நன்றாகவும் இருக்கும். 4கே மாஸ்டரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்துக் கேட்டால் முகம் சுளிக்கும் ஸ்டுடியோவும் உண்டு. இலட்சக்கணக்கில் செலவழிக்கும் விசேஷத்தில் இதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ஐயாவின் அறுபதாம் கல்யாணம் பழைய டிவிடியில் இருக்கிறது. அதை எச்டி ஆக்கிக் கன்சோலில் போடலாமா?

டிவிடியில் இருப்பது 720க்கு 576 புள்ளி. அதை இழுத்து 1080 ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், இல்லாத முகம் தெளிவாகாது. பிஎஸ்3-ல் தட்டை நேராகப் போடுங்கள். 2007-ல் வந்த 1.80 அப்டேட்டிலிருந்து அதுவே டிவிடி படத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அதை மிஞ்ச வீட்டில் நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. பிள்ளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்3 என்றால் மட்டும் நம் ஊர் பால் முறை டிவிடியை அது ஏற்காது. அந்தப் பெட்டியின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ப்ளக்கில் செருகுங்கள்.

தட்டு கீறல் விழுந்திருந்தாலோ, அமெரிக்கப் பெட்டி என்றாலோ ஃபைலாக மாற்றத்தான் வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியது இன்டர்லேஸ். பழைய கேமராக்கள் ஒரு ஃபிரேமை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதி எடுத்தன. அதைக் கவனிக்காமல் மாற்றினால் யாராவது கையை வீசும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழியும், சேலைக் கரையில் கோடு ஓடும். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதற்கு 'யாடிஃப்', அதற்குள் 'பாப்' தேர்ந்தெடுங்கள். 50 பாதியும் 50 முழு ஃபிரேமாக வரும், அசைவு பழைய டிவியில் பார்த்ததுபோலவே இருக்கும். இந்த அளவுக்கு 50 ஃபிரேமை பிஎஸ்3-யும் தாங்கும்.

இதே இன்டர்லேஸ், எச்டிவி டேப்பில் எடுத்த வீடியோக்களிலும் வரும். அவை 1440க்கு 1080 புள்ளியில் பதிவாகி, ஓட்டும்போது அகலமாக விரிய வேண்டியவை. மாற்றிய பிறகு எல்லோரும் இளைத்துப்போய்த் தெரிந்தால் அந்த விரிவு தொலைந்துவிட்டது என்று பொருள். அனமார்ஃபிக் என்ற இடத்தை 'ஆட்டோமேட்டிக்'கில் வைத்து மறுபடி செய்யுங்கள்.

போனில் எடுத்த வீடியோவில் போகப்போக வாயசைவும் சத்தமும் பிரிகிறதே?

போன் கேமரா வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கும். சில எடிட்டிங் மென்பொருள்களும் கன்சோல்களும் அதைச் சீராக ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றினால் சரியாகிவிடும். இனி எடுக்கப்போகும் ஐபோன் வீடியோவுக்கு, கேமரா செட்டிங்கில் ஃபார்மட் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்துவிட்டால் எச்.264-ல் எடுக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் போன் மைக்கில் கரகரவென்று பதிவாகியிருந்தால் அதற்கு எந்தக் கன்வெர்ட்டரும் மருந்து இல்லை.

பென்டிரைவ் இல்லாமல் வைஃபை வழியாகப் பார்க்கலாமா?

பார்க்கலாம். கம்ப்யூட்டரில் யூனிவர்சல் மீடியா சர்வர் மாதிரி ஒரு டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும்) மென்பொருளைப் போட்டால் பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் எல்லாம் அதைத் தாமே கண்டுபிடிக்கும். 4 ஜிபி வரம்பும் இல்லை. கன்சோலுக்குப் பிடிக்காத ஃபைலை அந்த மென்பொருளே ஓடும்போதே மாற்றி அனுப்பும், அதற்குக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு வேண்டும்.

ஆனால் செட்டிநாட்டு வீட்டில் வைஃபையை நம்பி இதைச் செய்யாதீர்கள். மோடம் முகப்பில் இருக்கும், டிவி வளவில் இருக்கும், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கும். நடுவில் உள்ள சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய கனத்த சுவர். வீடே இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை போகும். பிஎஸ்3-ல் இருக்கும் வைஃபை பழைய 802.11ஜி, காகிதத்தில்தான் 54 எம்பிபிஎஸ். முதலில் வந்த பிஎஸ்4-ம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். ஒரு லேன் கேபிளை உத்தரத்து ஓரமாக இழுத்துவிடுங்கள். தேக்கு மரத்தில் ஆணி அடிக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், சரியும்கூட. தரையோரமாகவே கொண்டுபோகலாம். அல்லது கம்ப்யூட்டரையே தூக்கி டிவி பக்கத்தில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் பென்டிரைவ்தான் நிம்மதி.

கன்வெர்ட் ஆகும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. மாறிய வரைக்கும் உள்ள ஃபைலைப் பார்க்க முடியுமா?

எம்பி4 என்றால் முடியாது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4-ல் வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். முடிவதற்குள் நின்றால் அட்டவணை இல்லாத ஃபைல்தான் மிஞ்சும், 3 ஜிபி இருந்தாலும் திறக்காது. எம்கேவியாக எழுதினால் நின்ற இடம் வரை பெரும்பாலும் ஓடும். அதனால் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் நீளமான வேலை என்றால் முதலில் எம்கேவியாக மாற்றிவிட்டு, முடிந்ததும் அவிடிமக்ஸில் எம்பி4 டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் எம்கேவியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி பாடுவது புரிவதில்லை. கீழே எழுத்து போட முடியுமா?

முடியும். எஸ்ஆர்டி ஃபைல் ஒன்று தயார் செய்து, யூடிஎஃப்-8 முறையில் சேவ் செய்து, ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டில் பகுதியில் சேர்த்து 'பர்ன் இன்' கொடுங்கள். எழுத்து படத்திலேயே பதிந்துவிடுவதால் எந்தக் கன்சோல் என்ற கவலை இல்லை. எழுத்து இல்லாத மூலத்தைத் தனியாக வைத்திருங்கள், பதித்ததைப் பிறகு அழிக்க முடியாது.

ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள்?

10 ஜிபி-யை ஏற்றி இறக்குவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். வீட்டுப் பெண்களும் நகையும் நிறைந்த வீடியோவை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவதும் சரியில்லை.

மாற்றிய பிறகு பழைய ஃபைலை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். கன்சோலுக்கு மாற்றியது பார்ப்பதற்கான நகல், அவ்வளவுதான். பிஎஸ்3-க்கென்று இன்று சுருக்கியதிலிருந்து, நாளை வரப்போகும் ஏதோ ஒரு பெட்டிக்கு மறுபடி சுருக்கினால் வெள்ளிப் பாத்திரமெல்லாம் குழைந்துவிடும். மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று ஊர் வீட்டில், ஒன்று சென்னையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை மாட்டிப் பார்த்து, காப்பி எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

இதெல்லாம் எங்களால் ஆகாது. உங்கள் மாதிரி யாரிடமாவது கொடுத்தால், என்ன கொண்டுபோக வேண்டும்?

மூல டிஸ்க், அதோடு ஒரு காலி பென்டிரைவ். கன்சோலின் பின்பக்க ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், 'கறுப்பாக இருக்கும்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. கன்சோலில் என்ன எழுத்து வந்தது என்பதையும் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். வீடியோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'இதையே மாத்திக் கொடுங்க' என்று சொல்லாதீர்கள். அது அனுப்பும்போதே படத்தைக் கசக்கிவிடும், அதிலிருந்து எச்டி எடுக்க முடியாது.